இல்லத்துத் தோட்டம்: மரப் பெரணி

சென்ற இதழில் தொட்டிக் கறிவேப்பிலையைப் பற்றி எழுதி முடிக்கும்போது, நம் குடியிருப்பின் வடபுறச் சுவரோரம் மரப் பெரணி ஒன்று நிற்பதாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தோம். கறிவேப்பிலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அன்பர்கள் பலர் கடிதம் எழுதிவிட்டனர். "பெரணி என்பது கிணற்றுச் சுவரில் முளைக்கும் பூண்டு அன்றோ? அது மரமாவது எப்படி?" என்பது ஒரு சாராரின் ஐயம். "எங்கே விலைக்குக் கிடைக்கும்?" என்பது மற்றொரு சாராரின் கேள்வி. முதற் கேள்விக்கு மகிழ்ச்சியுடன் விடை கூறுவோம். இரண்டாவதற்கு விடை கூறுமுன், நாம் செய்த பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பூண்டும் மரமும்

பெரணி பூப்பதில்லை, காய்ப்பதில்லை, விதை இடுவதுமில்லை. முதிர்ந்த இலையின் அடிப்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தோன்றும். நோய் கண்டுவிட்டது என்று எண்ணி இலையைக் கிள்ளி எறிவோரும் உண்டு. அப்புள்ளிகளில் அடங்கியுள்ள தூள்தான் அதன் வித்து. கிணற்றுச் சுவர்ப் பெரணியின் தண்டு மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடக்கும். மரப் பெரணியின் தண்டோ நிமிர்ந்து எழுந்து, நல்ல இடத்தில் இருபது அடி வரையில் உயரும். உச்சியில் மட்டும் குடை விரித்தாற்போல் மடல்கள். முதிர்ந்த மரத்தின் மடல் ஒன்று ஆறடிக்கு மேலும் நீளும். தொலைவில் நின்று பார்ப்பவர் கமுகு என்றே மயங்குவர். அருகே சென்று, புதிய மடல் யானைத் துதிக்கைபோற் சுருண்டு, பழுப்பு உரோமம் போர்த்து எழுவதைக் கண்டால் மயக்கம் தீரும்.

நாம் வசிக்கும் கௌஹாத்தி மாலிகாவ் ரயில்வே குடியிருப்பிலிருந்து தெற்கே நோக்கினால் மேகாலய மலைகள் தெரியும். அங்கும், அஸ்ஸாமின் மலைப்பகுதிகளிலும், டார்ஜிலிங், சிக்கிம் பக்கங்களிலும் ஓடைக்கரைகளில் இம்மரம் இயல்பாக வளர்கிறது. இவற்றுள் இரண்டினைச் சொல்லலாம். மடற்காம்பில் முள் உடையது அல்சோபிலா ஸ்பைனுலோசா. காம்பு கறுத்து, முள்ளின்றிச் சொரசொரப்பாக இருப்பது அல்சோபிலா ஜைஜாண்டியா. பின்னது தாழ்ந்த மலையடிவாரங்களிலும் வளர்வதால் கௌஹாத்தி போன்ற சமவெளி ஊருக்கு ஏற்றது.

இதைப் படிக்கும் நம்மவர் இதனை அயலூர்ச் செடி என்று எண்ணிவிட வேண்டா. நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளிலும் அல்சோபிலா நீலகிரென்சிஸ் என்னும் மரப் பெரணி உண்டு. நீலகிரியின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. 1810இல் ராபர்ட் பிரவுன் என்னும் தாவர நூலார் வைத்த அல்சோபிலா என்ற கிரேக்கப் பெயருக்குச் சோலையை நேசிப்பது என்று பொருள். வளர்ப்பு முறை முழுவதையும் அப்பெயருக்குள்ளேயே அடக்கி வைத்தாற்போல் இருக்கிறது. சோலையில் என்ன இருக்கும்? மேலே நிழல், கீழே இலைமக்கு, அருகே நீர், சுற்றிலும் காற்றுக்கு மறைப்பு. இந்நான்கையும் நம் கொல்லையில் அமைத்துக் கொடுக்க இயலுமாயின் மரம் நிற்கும்; இயலாதாயின் நில்லாது.

நாம் செய்த பிழை

2018ஆம் ஆண்டு ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவர் நாலடி உயர மரப் பெரணித் தண்டுகளை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். உச்சியில் மடல்கள் நறுக்கப்பட்டிருந்தன. அடிப்பாகம் வாளால் அறுத்தாற்போல் சமமாக இருந்தது. அப்போதுதான் அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிய வெளிநாட்டுத் தோட்டநூல் ஒன்றைப் படித்திருந்தோம். மரப் பெரணியின் தண்டை அறுத்து வேரின்றியே நட்டாலும் பிழைக்கும் என்று அதில் கண்டிருந்தது. படித்த பெருமிதத்தில் எண்ணூறு ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கி, ரிக்ஷாவில் ஏற்றி, வெற்றி வீரரைப்போல் வீடு வந்து சேர்ந்தோம்.

நட்ட மூன்றாம் வாரத்தில் இரண்டு மடல்கள் சுருள் விரித்தன. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் இதையே பேசினோம். ஐப்பசியில் அவ்விரண்டும் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. நாம் நீரை மேலும் ஊற்றினோம். எருவும் இட்டோம். கார்த்திகையில் உச்சி கறுத்து உள்ளே அழுங்கியது. குடியிருப்புத் தோட்டங்களைப் பராமரிக்கும் முதிய மாலி ஒருவர் வந்து பார்த்தார். தண்டைப் பிடித்து இலேசாக அசைத்தார், அது வந்துவிட்டது. "பாபு, தலையும் உடலும் வாங்கி வந்திருக்கிறீர்கள். கால் எங்கே?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

அந்நூல் பொய் சொல்லவில்லை. அதில் கூறியது ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் டாஸ்மேனியாவிலும் வளரும் டிக்சோனியா அண்டார்க்டிகா என்னும் வேறோர் இனத்தைப் பற்றியது. அதன் தண்டை அறுத்து நட்டால் தண்டிலிருந்தே புதுவேர் இறங்கிப் பிழைத்துக்கொள்ளும். நம் மலைகளின் அல்சோபிலா இனங்களை அவ்வாறு அறுத்தால் பெரும்பாலும் மாண்டே போகும். பெயரில் ஒன்றாகத் தோன்றுவன பிழைப்பில் ஒன்றல்ல என்பதை எண்ணூறு ரூபாய் கொடுத்துக் கற்றோம்.

பணத்தை மறந்துவிடலாம். மறக்க முடியாதது மற்றொன்று. மரப் பெரணியின் மடல் உதிர்ந்த இடத்தில் நீள்வட்டமான தழும்பு நிலைத்து நிற்கும். செத்த தண்டைக் குப்பைக்கு அனுப்புமுன் அத்தழும்புகளை ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். அடியில் வேர்ப்போர்வைக்குள் மறைந்தவை போக எழுபத்திரண்டு இருந்தன. இன்று நம் கொல்லையில் வளரும் மரம் ஆண்டுக்கு எட்டு மடல்கள் விடுகிறது. அக்கணக்கை வைத்துப் பார்த்தால், வாங்கி வந்த மரத்திற்குக் குறைந்தது ஒன்பது வயது. நாம் ரயில்வேயில் சேர்ந்ததும் 2009இல்தான். நாம் பிழைப்பைத் தேடி இவ்வூருக்கு வந்து இறங்கிய நாளில், எங்கோ ஓர் ஓடைக்கரையில் முதல் தழும்பைப் பெற்ற மரத்தை ஆறு மாதத்தில் அழித்துவிட்டோம்.

ஆகவே "எங்கே கிடைக்கும்?" என்று கேட்ட அன்பர்களுக்கு நம் விடை இது: காட்டிலிருந்து அறுத்தோ பெயர்த்தோ கொண்டுவந்த மரத்தை வாங்க வேண்டா. வித்தினின்றும் வளர்த்த தொட்டிக் கன்று நம்பகமான நாற்றுப்பண்ணையில் கிடைத்தால் வாங்கலாம். இல்லையேல் நாமே வளர்த்துக்கொள்ளலாம்.

ஒரே குருத்து

வளர்ப்பில் இறங்குமுன் இம்மரத்தின் உட்கட்டமைப்பைச் சிறிது அறிதல் நலம். வேம்பும் மாவும் ஆண்டுதோறும் பருப்பன. உள்ளே வைரம் பாய்வன. மரப் பெரணிக்கு அத்தகைய மரக்கட்டை இல்லை. நடுவே மெல்லிய தண்டு. அதைச் சுற்றிக் கம்பிபோன்ற கரிய வேர்கள் அடர்ந்து போர்த்தியிருக்கும். அடிமரம் பருத்துத் தோன்றுவது இவ்வேர்ப்போர்வையால்தான். ஆகையால் அடிமரத்திற்கும் நீர் வேண்டும். மண்ணுக்கு மட்டும் ஊற்றினால் போதாது.

வளர்ச்சி முழுவதும் உச்சியிலுள்ள ஒரே குருத்தில் இருக்கிறது. நம் நாட்டு இனங்கள் சாதாரணமாகக் கிளைப்பதில்லை. குருத்து அழுகினாலோ முறிந்தாலோ பக்கத்தில் துளிர்க்கும் என்று காத்திருப்பது வீண். தென்னையைக் காப்பது போலவே இதையும் காக்க வேண்டும் என்றால் நம்மவருக்கு எளிதில் விளங்கும்.

ஊறுகாய்ப் பாட்டிலில் விதைப்பு

2019 அக்டோபரில் நம் அலுவலக நண்பர் ஒருவர், ஷில்லாங்கில் உள்ள தம் வீட்டுத் தோட்டத்து மரப் பெரணியிலிருந்து கைநீள இலைத்துண்டு ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தார். இலையைத் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. அடிப்புறப் புள்ளிகள் வெளுத்திருந்தால் பிஞ்சு. கிழிந்து பஞ்சு போலிருந்தால் தூள் உதிர்ந்து போயிற்று. முதிர்ந்து பழுப்பேறி இன்னும் திறவாதிருப்பதே தக்க பருவம். அதை வெள்ளைத் தாளில் புள்ளிகள் கீழே இருக்குமாறு வைத்து, மற்றொரு தாளால் மூடிக் காற்றுப்படாத உலர்ந்த இடத்தில் இரண்டு நாள் வைத்தோம். எடுத்துப் பார்த்தபோது மூக்குப்பொடி தூவினாற்போல் தாளில் பழுப்புத் தூள் படிந்திருந்தது.

ஊரிலிருந்து வந்த அகன்ற வாய் ஊறுகாய்ப் பாட்டில்கள் இரண்டை வெந்நீரில் கழுவினோம். அடியில் இரண்டங்குல உயரத்திற்குச் சலித்த இலைமக்கும் நைந்த தேங்காய் நார்த்தூளும் கலந்து பரப்பி, அதன்மேல் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டோம். கொதிநீர் ஊற்றுவதைச் சோம்பலால் தவிர்ப்பவர்களுக்குப் பெரணி முளைக்காது; பூஞ்சையும் பாசியுமே முளைக்கும். முதற் பாட்டிலில் அரைகுறையாகச் செய்த நமக்கு அதுவே நேர்ந்தது. ஆறிய பின் தூளைத் தாளிலிருந்து விரலால் தட்டித் தட்டி மெல்லத் தூவ வேண்டும். மண்ணால் மூடலாகாது, முளைப்பதற்கு ஒளி வேண்டும். வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் கட்டி, நேர்வெயில் படாத சன்னலோரம் வைத்தோம்.

ஐந்தாவது வாரம் மண்மேல் பச்சைப் பூச்சுப் படர்ந்தது. மேலும் இரண்டு மாதத்தில் அப்பூச்சு, சுண்டுவிரல் நகத்தினும் சிறிய, இதய வடிவான பச்சை ஏடுகளாகப் பிரிந்தது. இவை பெரணிக் கன்றுகள் அல்ல. இவற்றின் அடிப்புறத்தில்தான் ஆண் அணுவும் பெண் அணுவும் உண்டாகின்றன. ஆண் அணு நீரில் நீந்திச் சென்று பெண் அணுவைச் சேர்ந்த பின்னரே உண்மையான பெரணிக் கன்று பிறக்கும். பூவில்லாத செடிகளின் இவ்விருதலைமுறை வாழ்வை ஜெர்மனியின் ஹோஃப்மைஸ்டர் 1851இல் விளக்கி எழுதினார். நமக்கோ அதை விளக்கியது நம் மகள்தான். "அப்பா, பாட்டிலுக்குள் மழை பெய்ய வேண்டும்" என்று அப்போது ஐந்து வயதான அவள் நாள்தோறும் கேட்பாள். ஆறவைத்த வெந்நீரைத் தெளிப்பானில் நிரப்பி வாரம் இருமுறை அவளே மழை பெய்வித்தாள். அந்த மெல்லிய நீர்ப்படலம் இல்லாவிடில் ஏடுகள் மாதக்கணக்கில் ஏடுகளாகவே இருந்துவிடும்.

2020 கோடையில் ஊரெல்லாம் முடங்கிக் கிடந்த நாட்களில், ஏடுகளின் இடுக்கிலிருந்து கடுகளவு இலைகள் தலைகாட்டின. ஓரங்குலம் உயர்ந்ததும் முட்கரண்டியால் கூட்டமாகப் பெயர்த்துச் சிறு குவளைகளில் மாற்றினோம். அப்போதும் சில வாரங்கள் மூடி வைத்து, மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். நாற்பது கன்றுகளில் பதினொன்று தொட்டிக்கு வந்தன. நான்கு ஓராண்டைக் கடந்தன. அவற்றுள் மூன்றை அண்டை வீட்டார்க்குக் கொடுத்தோம்.

நடுதலும் காத்தலும்

2021 ஜூனில் மழை நிலைத்தபின், எஞ்சிய ஒன்றைக் கட்டடத்தின் வடபுறத்தில் நட்டோம். காலை வெயில் சாய்வாக வந்து போகும். உச்சி வெயில் கிடையாது. இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் குழி. அதில் கிடந்த காரைக்கட்டியையும் செங்கற்சல்லியையும் முற்றும் பொறுக்கி எடுத்தோம். சுண்ணாம்பு இதற்கு ஆகாது. மலைச் செம்மண், இலைமக்கு, மட்கிய சாணம், சிறிது கரித்துண்டு ஆகியன கலந்து நிரப்பினோம். மேடாக நட வேண்டும். நீரை விரும்பும் செடியே எனினும், தேங்கிய நீரில் வேர் அழுகும்.

நீர்: வங்காள விரிகுடாக் காற்று மழை கொணரும் மாதங்களில் கவலையில்லை. நவம்பர் தொடங்கி மார்ச் வரை இங்கே வறண்ட பருவம். அப்போது நாள்தோறும் காலையில் அடிமரத்தின் உச்சியிலிருந்து வழிந்து இறங்குமாறு பூவாளியால் ஊற்றுவோம். மாலையில் குருத்தில் நீர் தங்கவிடுவதில்லை. இவ்வூர் ஆழ்குழாய் நீரில் இரும்பு மிகுதி. வாளியெல்லாம் செங்கறை படியும். ஆகவே ஓரிரவு தெளியவைத்து மேல்நீரை மட்டும் பயன்படுத்துகிறோம். மழைநீர் பிடித்து வைத்தால் அதனினும் நன்று.

காற்று: சித்திரைப் பிகுவுக்கு முன் வீசும் புயலை அஸ்ஸாமியர் பர்தோய்சிலா என்பர். ஆறடி மடலைப் பாதியில் ஒடித்துவிடும். மேற்கே இரண்டு வாழைகளை அரணாக வைத்தபின் அச்சேதம் குறைந்தது.

எரு: மழைக்கு முன்னும் மழையின் நடுவிலும் இருகை மட்கிய சாணம், அடியைத் தொடாமல் சுற்றிலும். ஆண்டு முழுவதும் இலைச்சருகு மூடாக்கு. யூரியாவை அள்ளி இடுவது நெருப்பு இடுவதற்குச் சமம்.

பூச்சி: மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் இரவில் ஏறிச் சுருள் குருத்தைத் தின்னும். கைவிளக்குடன் சென்று பொறுக்குவதே மருந்து. வெள்ளைப்பூச்சி, செதிற்பூச்சி கண்டால் மென்தூரிகையும் நீருமே போதும். எண்ணெய் கலந்த மருந்துகள் பெரணி இலையைக் கருக்கிவிடும்.

கத்தரிப்பு: பாதி பழுத்த மடலை அவசரப்பட்டு வெட்ட வேண்டா. முற்றும் காய்ந்து தொங்கும் மடல்கள் அடிமரத்தை வெயிலினின்றும் காக்கின்றன. நீக்கும்போது கையுறையும், கண்ணுக்கும் மூக்குக்கும் மறைப்பும் வேண்டும். குருத்தின் உரோமம் தோலில் பட்டால் அரிப்பெடுக்கும்.

பிற ஊர்களிலுள்ள அன்பர்களுக்கு ஒரு சொல். பெங்களூரிலும் அதையொத்த மேட்டுநில ஊர்களிலும் நிழலும் நீரும் இருந்தால் முயலலாம். கொல்கத்தாவில் கோடையைக் கடத்துவது அரிது, ஆயினும் முடியாததன்று. தில்லியின் அனற்காற்றிலும் நாகபுரியின் வெயிலிலும் இதை வைத்து வதைக்க வேண்டா. வேலியோரச் சிறுபெரணியே அங்கு அழகு. சில பண்ணைகளில் கிடைக்கும் ஆஸ்திரேலிய மரப் பெரணி விரைவில் வளரும். ஆனால் ஹவாய்த் தீவுகளில் அது காட்டுக்குள் பரவிப் பெருந்தொல்லையாகிவிட்டது. ஈரமான காடுகளுக்கு அருகே வசிப்போர் அதைத் தவிர்ப்பது நன்று.

நாரும் காடும்

சந்தையில் அத்தனை தண்டுகள் ஏன் வந்தன என்று பின்னர் விசாரித்தோம். வாங்குவோரிற் பலர் மரப் பெரணி வளர்ப்பவரே அல்லர். ஆர்க்கிட் மலர் வளர்ப்பவர்கள். மரப் பெரணியின் வேர்ப்போர்வை நீரைப் பிடித்துக் காற்றையும் விடுவதால், அதை அறுத்துப் பலகையாக்கி ஆர்க்கிட் கட்டுகிறார்கள். அஸ்ஸாமியப் பெண்கள் பிகுவுக்குக் கூந்தலில் சூடும் கபௌ மலரும் ஆர்க்கிட் இனமே. ஒரு பூச்செடிக்காக பத்தாண்டு மரம் வீழ்கிறது. பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இவ்வினங்கள் இரண்டாம் பட்டியலில் உள்ளன. இந்தியா அதில் 1976இல் சேர்ந்தது. காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றிப் பெயர்ப்பதும் குற்றமே. சட்டத்தைவிட எளிய வழி நம் வீடுகளில் இருக்கிறது. தேங்காய் உரித்த மட்டையும் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் சேர்ந்தால் ஆர்க்கிட்டுக்கு வேறு படுக்கை வேண்டா. நம் அண்டை வீட்டு அஸ்ஸாமிய அம்மையார்க்கு நம் இல்லத்தார் மட்டை கொடுத்து வருகிறார். அவர் வீட்டுக் கபௌ மூன்று ஆண்டுகளாக அதிலேயே பூக்கிறது.

மாற்றல்

இனி ஒரு செய்தி. நமக்கு வேறு கோட்டத்திற்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. அடுத்த மாதம் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். மரம் இப்போது ஒன்றரை அடி அடிமரமும் ஐந்தடி மடல்களுமாக நிற்கிறது. பெயர்த்துக் கொண்டுபோகலாமா என்று ஓரிரவு முழுவதும் எண்ணினோம். முன்பு ஒருமுறை காலில்லாத மரத்தை வீட்டுக்குக் கொணர்ந்தவர்கள் நாம். இரண்டாம் முறை அப்பழியை ஏற்க மனம் ஒப்பவில்லை.

நமக்குப் பின் வரவிருப்பவர் பீகாரைச் சேர்ந்த குடும்பத்தினர். சென்ற ஞாயிறன்று வீட்டைப் பார்க்க வந்தபோது, அவர்கள் வீட்டு அம்மையார் முதலில் கேட்டது, "இந்தத் தென்னை எப்போது காய்க்கும்?" என்பதே. காய்க்காது என்று சொன்னதும் அவர் முகம் சற்று வாடியது. நம் மகள் அவரை அழைத்துச் சென்று, சுருள் விரியாத குருத்தைக் காட்டினாள். குனிந்து நெடுநேரம் பார்த்தார். பின்னர், தண்ணீர் எந்த நேரத்தில் ஊற்றுவது என்று கேட்டார். அப்போதுதான் நமக்கு மூச்சு வந்தது.

மகள் இந்தியில் நான்கு வரி எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறாள்: காலையில் உச்சியிலிருந்து நீர், குருத்தைத் தொடலாகாது, வாழைகளை வெட்டலாகாது, காய்ந்த மடல் தானே தொங்கட்டும். புதிதாக வளர்க்க விரும்பும் அன்பர்களுக்கும் இந்நான்கே சுருக்கம்.

நம் மரத்தில் இன்னும் புள்ளிகள் தோன்றவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆகையால் ஷில்லாங் நண்பரிடமே மற்றொரு இலைத்துண்டு கேட்டிருக்கிறோம். ஊறுகாய்ப் பாட்டில்கள் இரண்டையும் மகள் தன் துணிப்பெட்டியில் வைத்துவிட்டாள். அடுத்த இதழ்க் கட்டுரை புதிய ஊரிலிருந்து வரும். அங்கே மண் எப்படியோ, நீர் எப்படியோ, பார்த்து எழுதுவோம்.